கப்பல் ஜார்ஜ் டவுனில், சாவி புத்ராஜெயாவில்

வணக்கம் மக்களே! 60 அடி மணிக்கூண்டு தீப்பெட்டி மாதிரி சிறுத்துப் போவதைப் பார்க்க வேண்டுமா? மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுனின் சுவெட்டன்ஹாம் துறையில் பெரிய உல்லாசக் கப்பல் கட்டியிருக்கும் நாளில் லெபோ பந்தாய் முனைக்கு வாருங்கள். விக்டோரியா மகாராணி ஆட்சியின் 60 ஆண்டு நிறைவுக்காக, ஆண்டுக்கு ஓர் அடி என்று எழுப்பிய மணிக்கூண்டு, கப்பலுக்குப் பக்கத்தில் குட்டியாக நிற்கும்.

அப்புறம் படி இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். டூர் பஸ்கள் வரிசை கட்டும். லிட்டில் இந்தியாவில் நடக்க இடமிருக்காது. 1833-இல் எழுந்த நம் மகா மாரியம்மன் கோயில் வாசலில் செருப்பு குவியும். மாலையில் கப்பல் போய்விடும். தெருவைக் கூட்டிக் குப்பை அள்ளுவது மாநகர் மன்றம். ஆனால் துறைமுகம் அதன் கையில் இல்லை.

காரணம் சுருக்கமாக: அரசமைப்பில் துறைமுகம் கூட்டரசுப் பட்டியலில், அதாவது மத்திய அரசிடம்; ஊராட்சி, அதாவது நகர மன்றங்கள், மாநிலப் பட்டியலில். பினாங்கு துறைமுக ஆணையம், மத்திய அரசு நிர்வாகம் இருக்கும் புத்ராஜெயாவின் போக்குவரத்து அமைச்சின் கீழ் வருகிறது.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் எங்கே நடந்தது? இங்கேதான், 1951-இல்! 1957 ஜனவரி 1-இல் ஜார்ஜ் டவுன் மாநகரானது, நாடு சுதந்திரம் வாங்குவதற்கு எட்டு மாதம் முன்பே. அதன் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன். தமிழர், தொழிலாளர் கட்சிக்காரர், ஓட்டு வாங்கி வந்த மன்றத்தின் மேயர். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டில் கேட்டுப் பாருங்கள். 1965-இல், இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த நேரத்தில், ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். இன்றுவரை திரும்பவில்லை. பினாங்கு அரசு நீதிமன்றம் வரை போனது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மறுத்துவிட்டது.

துறைமுகத்துக்கே திரும்புவோம். நெதர்லாந்தின் ரோட்டர்டாமைப் பாருங்கள். துறைமுக நிறுவனத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு பங்கு நகராட்சிக்கு, மீதி டச்சு அரசுக்கு. இலாபத்தில் ஒரு பங்கு ஊர்க் கல்லாவுக்கே வருகிறது. நம் மாநகர் மன்றத்துக்கும் அப்படி ஒரு பங்கு வேண்டும் என்பதுதான் என் கருத்து. கூட்டுபவர்களுக்குக் கணக்கில் இடம் வேண்டாமா?

கொள்கலன்கள் இறங்குவது அக்கரையில், பட்டர்வொர்த்தில். அங்கே இருப்பவர்களே, உங்கள் வீட்டு வழியே லோரிகள் எத்தனை மணிக்குப் போகின்றன என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவை அந்தச் சாலையோரத்தில் நின்றுதான் எடுக்கப் போகிறேன்.