நுரையீரல் மாற்று சிகிச்சைக்குப் பிறகு: தினமும் ஏன் ஊத வேண்டும்?

[திரையில்: ஊதும் காற்றை அளக்கும் கருவியான கையடக்க ஸ்பைரோமீட்டரில் ஒருவர் ஊதுகிறார்]

வணக்கம். ஆபரேஷன் முடிந்து ஓராண்டு ஓடிவிட்டது. ஆக்சிஜன் இல்லாமல் நடக்க முடிகிறது, படி ஏற முடிகிறது. "நன்றாகத்தானே இருக்கிறேன், இன்னும் எதற்கு தினமும் இதில் ஊத வேண்டும்?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்த வீடியோ.

பொருத்திய நுரையீரல் கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. ஆரம்பத்தில் மூச்சும் வாங்காது. போதாக்குறைக்கு, ஆபரேஷனில் நுரையீரலுக்குப் போகும் நரம்புகள் துண்டிக்கப்படுவதால், மூச்சுக்குழாய் இணைப்புக்குக் கீழே இருமல் உணர்வு மழுங்கிவிடும். சளி சேர்ந்தாலும் உடல் தாமதமாகத்தான் சொல்லும். அதனால்தான் 'எப்படி இருக்கிறது' என்ற உணர்வை மட்டும் நம்பக் கூடாது.

சிறுநீரகமோ கல்லீரலோ உடலுக்குள் மூடி இருக்கும். நுரையீரல் அப்படியல்ல. ஒவ்வொரு மூச்சிலும் வெளிக்காற்று, கிருமி, புகை எல்லாம் அதைத் தொடுகின்றன. ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நாட்பட்ட செயலிழப்பு வருகிறது. டாக்டர்கள் இதை 'கிளாட்' என்பார்கள். பெரும்பாலோருக்குச் சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும். இழுத்த காற்று வெளியேறாது. சிலருக்கு நுரையீரலே இறுகிச் சுருங்கும். இந்த இரண்டாவது வகைதான் மோசமானது.

[திரையில்: வரைபடம், மெல்ல இறங்கும் கோடு]

இப்போது ஸ்பைரோமீட்டர் காட்டும் எண்ணுக்கு வருவோம். மூச்சை முழுக்க இழுத்து, முழு வேகத்தில் ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளியேறும் காற்றின் அளவு அது. பெயர் எஃப்.இ.வி.1. ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் எட்டிய மிகச் சிறந்த இரண்டு அளவுகளை, குறைந்தது மூன்று வார இடைவெளியில் எடுத்தவற்றை, சராசரி பார்ப்பார்கள். அதுதான் உங்கள் அடிப்படை அளவு. 2.9 லிட்டரும் 3.1 லிட்டரும் என்றால் அடிப்படை 3 லிட்டர். அது 2.4 லிட்டருக்கு, அதாவது 20 சதவீதம் இறங்கி, வேறு காரணம் எதுவும் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால் கிளாட் உறுதி. இன்னொருவருக்கு 2.4 மிக இயல்பான அளவாக இருக்கலாம். உங்கள் அளவை உங்கள் பழைய அளவோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

அந்த 20 சதவீதம் வரை காத்திருக்கக் கூடாது. வீட்டில் 10 சதவீதம் குறைந்து, மறுநாளும் அப்படியே இருந்தால் உடனே மாற்று சிகிச்சைக் குழுவை அழையுங்கள். கிருமித் தொற்றாக இருக்கலாம், புதிய நுரையீரலை உடலே எதிர்த்துத் தாக்கும் திடீர் நிராகரிப்பாக இருக்கலாம், இணைப்பு குறுகியிருக்கலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஆனால் தழும்பேறிய பகுதி பெரும்பாலும் திரும்பாது. அப்போது சிகிச்சையின் நோக்கம், இருப்பதைக் காப்பாற்றுவதுதான். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிலருக்கு உதவுகிறது. மிகச் சிலருக்கே இரண்டாவது மாற்று சிகிச்சை சாத்தியம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எண் குறைந்தால் வீட்டில் திட்டு விழுமோ, டாக்டர் கோபிப்பாரோ என்று யாரும் மறைக்க வேண்டாம். ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடாதவர்களுக்கும் கிளாட் வரலாம். அது நோயாளியின் குற்றமே அல்ல.

எண் இறங்கினால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். மூச்சை இழுத்து ஒரு படம், வெளியே விட்டு ஒரு படம். காற்று எங்கே சிக்கி நிற்கிறது என்று இரண்டாவதில் தெரியும். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி செய்து, சிறு சதைத் துண்டைப் பரிசோதிக்கும் பயாப்ஸியும் எடுப்பார்கள். ஆனால் தழும்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக இருப்பதால் ஊசிமுனை அளவு சதையில் அது அகப்படாமல் போகலாம். பயாப்ஸி சுத்தமாக வந்தாலும் தொடர்ந்து ஊதச் சொல்வது அதனால்தான். தானம் வந்த உறுப்புக்கு எதிராக உருவாகும் ஆன்டிபாடிகளையும் ரத்தத்தில் தேடுவார்கள்.

வயிற்று அமிலம் மேலே எதுக்களித்து, துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்குவதும் சேதம் செய்யும். நெஞ்செரிச்சல் இல்லாமலே இது நடக்கும்.

[திரையில்: ரத்தப் பரிசோதனைக் குழாய், கடிகாரம்]

அடுத்து, நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான டாக்ரோலிமஸ். ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் சிறுநீரகத்துக்கு அடி. தினம் இரு வேளை போடுபவர்கள் ரத்தம் கொடுக்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும். முந்தைய மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இருக்கும் அளவுதான் தேவை. போட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், அதை நம்பி மருந்தைக் குறைத்துவிடும் ஆபத்து உண்டு. பூஞ்சைத் தொற்று மாத்திரைகள் பல இந்த அளவை ஏற்றும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். வேறு டாக்டர் எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் குழுவிடம் கேளுங்கள்.

நுரையீரலைத் தாண்டியும் பார்க்க வேண்டியவை உண்டு: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஸ்டீராய்டால் தேயும் எலும்பு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளால் தோல் புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது, பூஞ்சைத் தொற்று மருந்தான வோரிகோனசோலை நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு இன்னும் அதிகம். ஆறாத புண், புதிய தடிப்பு எதையும் காட்டிவிடுங்கள்.

குழுவை அழைக்கும்போது கையில் நோட்டு இருக்கட்டும். இன்றைய எண், அடிப்படை அளவு, எத்தனை நாளாகக் குறைகிறது, காய்ச்சல் உண்டா, எடை, புதிதாகச் சேர்ந்த மருந்து. ஸ்பைரோமீட்டரில் மூன்று முறை ஊதி, அதில் சிறந்ததைச் சொல்லுங்கள்.