பறக்கும் அப்பாவும் பலகை படிக்கும் மகளும்

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர் வட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டுவிழாக்களுக்கு நெடுங்காலமாக நாடகம் எழுதித் தருபவன் என்ற முறையில், நான் அதிகமாக எழுதிய ஒரு பாத்திரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் வானத்தில் பறப்பார், பாறையைப் பெயர்ப்பார், ஆனால் தொட்ட காரியம் எதையும் உருப்படியாக முடிக்கமாட்டார். முடித்துவைப்பவள் அவருடைய மகள்.

இது வெளிநாட்டுச் சித்திரக்கதைகளிலிருந்து வந்த சரக்கு என்று சிலர் சொல்வதுண்டு. சுவாமிமலையின் 60 படிகளையும் ஏறியவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே பிரணவத்தின் பொருளை மகனிடம் பணிந்து கேட்ட தந்தை, முப்புரத்தையே எரித்தவர். பாரதத்திலும், அசுவமேதக் குதிரையின் பின்னால் சென்ற அருச்சுனன் தன் மகன் பப்புருவாகனனிடம் வீழ்ந்து, உலூபியின் தயவால்தான் உயிர்பெற்று எழுந்தான். இரண்டு கதைகளிலும் தந்தை மெய்யாகவே வலியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். நான் எல்லா இடத்திலும் வற்புறுத்துவது இதைத்தான்: அப்பாவை வெறும் கோமாளியாக்கிவிட்டால் மகளின் திறமையும் மலிந்துபோகும்.

எங்கள் பகுதியில் இந்தக் கதைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பேருந்து நிறுத்தமே போதும். பழைய கொச்சி இராச்சியத்தில் இருந்து, 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தில் இருக்கும் மண் இது. பேருந்தை ஒரு கையால் தூக்கவல்ல அப்பா, அதன் பலகையிலுள்ள மலையாள எழுத்தைப் பார்த்து விழிக்கிறார். "அம்மிணி, இது பொள்ளாச்சி வண்டிதானே?" என்கிறார். "கொல்லங்கோட்டு வண்டிங்கப்பா, கீழ வச்சிருங்க, ஆளுங்க ஏறோணும்" என்கிறாள் மகள். அரங்கில் எழும் சிரிப்பில் அப்பாக்களின் குரலே உரத்துக் கேட்கும். தம் பிள்ளைகளைக் கேட்டுப் பேருந்து ஏறியவர்கள் அல்லவா?

அடுத்த காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். நிலவரி தொடர்பாக மலையாளத்தில் ஒரு கடிதம் வருகிறது. அதைப் படிக்க முடியாத அப்பா, முகமூடியை மாட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே பறந்து, தலைமைச் செயலகத்தின் கூரையைப் பிளந்து இறங்கி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். கூரைக்கான நட்டஈட்டு நோட்டீசும் மலையாளத்திலேயே வருகிறது. மகள் ஒரு வெள்ளைத் தாளை எடுக்கிறாள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்திலுள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளவும், அம்மொழியிலேயே பதில் பெறவும் உரிமை தந்திருப்பதை அவள் படித்திருக்கிறாள். தமிழில் மனு எழுதுகிறாள். தமிழில் பதில் வருகிறது. அதை அப்பா உரக்க வாசிக்கும்போது குரலில் வரும் கம்பீரத்தை, முன்னே பறந்தபோதுகூட நீங்கள் பார்த்திருக்க முடியாது. சட்டப்பிரிவை நாடகத்தில் நுழைத்தது மிகை என்று கடிந்தவர்கள் உண்டு. ஆனால் நாடகம் முடிந்ததும் அந்தச் சட்டத்தின் ஆண்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

வாளையாறு சோதனைச்சாவடியில் தேங்கிய லாரிகளை அப்பா ஒவ்வொன்றாகத் தூக்கி எல்லைக்கு அப்பால் வைக்கும் காட்சியும் முன்பு இருந்தது. எல்லாவற்றையும் கோயம்புத்தூர்ப் பக்கமே திருப்பி வைத்துவிடுவார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வணிகவரிச் சோதனை நின்ற பிறகு, அந்த வரிசை இன்றைய பிள்ளைகளுக்குப் புரிவதில்லை என்பதால் நீக்கிவிட்டேன்.

அம்மாவே இப்படித் தடுமாறும் வீராங்கனையாக வரும் நாடகங்களைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றுமட்டும் சொல்லிவிடுகிறேன். அம்மா சறுக்கினால் பார்வையாளர் சிரிக்கத் தயங்குகிறார்கள். அதற்காக அவரைக் குறையே இல்லாதவராக எழுதிவிடாதீர்கள், எழுதினால் மகளுக்கு மேடையில் வேலை இருக்காது. நன்றி, வணக்கம்.