சங்கக்கடைக்கு வழி கேட்டு வந்தவர்

அனைவருக்கும் வணக்கம். முதியோர் நலன் பற்றிப் பொதுவாகப் பேசுங்கள் என்றுதான் சனசமூக நிலையத்தார் கேட்டார்கள். எனக்குப் பொதுவாகப் பேச வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் நடந்ததைச் சொல்கிறேன்.

போன பங்குனியில் ஒரு நாள், மத்தியானம் பன்னிரண்டரை இருக்கும். திருகோணமலையில் எங்கள் உவர்மலை வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். படலையை யாரோ ஆட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர். சட்டைப் பொத்தான்கள் ஒரு துளை மாறிப் பூட்டியிருந்தன. ஒரு காலில் மட்டும் செருப்பு. அக்குளில் மடித்த உரப்பை. என் வாயில் முதலில் வந்தது, "ஆர் நீங்கள்? என்ன வேணும்?" என்பதுதான். சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவர் இரண்டடி பின்னால் போனார்.

"சங்கக்கடை எங்க பிள்ளை? அரிசி முடியமுன்னம் கூப்பனைக் குடுக்க வேணும்."

இங்கே இருக்கும் இளம்பிள்ளைகளுக்குக் கூப்பன் அரிசி தெரிந்திருக்காது. கூப்பன் புத்தகத்தோடு கூட்டுறவுச் சங்கக்கடையில் வரிசையில் நின்று அரிசி வாங்கிய காலம் அது. 1979இல் உணவு முத்திரை வந்ததோடு அந்த முறை போய்விட்டது. அவருக்கோ அது அன்று காலை நடந்துகொண்டிருந்தது.

ஐந்து நிமிடத்தில் சனம் கூடிவிட்டது. குடித்திருக்கிறார் என்றார் ஒருவர். ஒரு தம்பி போனைத் தூக்கி வீடியோ எடுத்தான். பெயர் என்ன, எந்த இடம், மகன் ஆர், அடையாள அட்டை எங்கே என்று ஆளுக்கொரு கேள்வி. அவர் ஒன்றுக்கும் பதில் சொல்லாமல் உரப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கதிரையோடு வந்தார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். "ஐயா, சங்கக்கடை இப்ப பூட்டு. நிழலில இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்." அதோடு சரி. வேறொன்றும் கேட்காமல் தானும் கீழே குந்திக்கொண்டார். கோப்பையைப் பிடித்த பெரியவரின் கை நடுங்கியது. பாதி குடித்ததும் நடுக்கம் குறைந்தது. அப்புறம் அவராகவே கதைக்கத் தொடங்கினார். கரைவலை இழுத்தாச்சோ, இண்டைக்கு என்ன மீன் பட்டது என்று கேட்டார். அது போதுமாயிருந்தது. சந்தியில் நிற்கும் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர், "கடற்கரைப் பக்கத்து ஆள் போல" என்று திருக்கடலூரில் தனக்குத் தெரிந்தவருக்குப் போன் போட்டார். முக்கால் மணித்தியாலத்தில் மகள் வந்து சேர்ந்தார். காலை எட்டு மணியிலிருந்து தேடியிருக்கிறார்கள்.

அக்கா சொன்னது பொய்தானே என்று பிறகு ஒருவர் என்னிடம் கேட்டார். கூப்பன் காலம் போய் நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது என்று அந்த வெயிலில் அவருக்கு விளக்கியிருந்தால் அவருடைய பயம்தான் கூடியிருக்கும். நான் அக்கா பக்கம்.

என்னுடைய கேள்வி பற்றியும் சொல்ல வேண்டும். "ஆர் நீ, எங்கயிருந்து வாறாய்" என்பது யுத்தகாலத்தில் நாங்கள் சோதனைச் சாவடிகளில் பதில் சொல்லிப் பழகிய கேள்வி. தெரியாத ஆள் ஒழுங்கைக்குள் வந்தால் வயிறு கலங்கிய காலம் அது. அந்தப் பயம் இன்னும் எங்கள் நாக்கில் இருக்கிறது. வழி தெரியாமல் நிற்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது "தண்ணி குடிக்கிறீங்களோ" என்பதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

உலகில் 5 கோடி 70 லட்சம் பேர் மறதிநோயோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021க்குச் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பங்கு அல்சைமர் என்ற வகை. புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை நிற்கும். பின்னால் படித்த மொழியை மறந்து தாய்மொழிக்கே திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. மூன்று சமூகமும் கலந்து வாழும் எங்கள் ஊரில் இதை மனதில் வைத்திருக்க வேண்டும். உங்கள் படலையடியில் ஒரு சிங்கள ஆச்சி வந்து நின்றால், சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

ஆனால் தடுமாறுகிற எல்லாருக்கும் மறதிநோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தப் பெரியவருக்குச் சீனி வருத்தமும் இருந்தது. காலையில் குளிசை போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. இரத்தத்தில் சீனி இறங்கினாலும் ஆள் தடுமாறும், வியர்க்கும், கை நடுங்கும். அக்கா தேத்தண்ணிக்குச் சீனி தாராளமாகப் போட்டது நல்லதாய்ப் போயிற்று. நினைவு மங்கி, விழுங்க முடியாமல் இருப்பவருக்கு மட்டும் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுவது, தலையில் அடி, இவையும் முதியவரைத் திடீரென்று குழப்பிவிடும். முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க ஓடுகிறது.

வருத்தம் ஒன்றும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை என்றால் பொலிஸுக்கு 119, அல்லது கிராம உத்தியோகத்தர். அவர்கள் வரும்வரை தனியே விடாதீர்கள். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். நடக்கத் தொடங்கினால் கூடவே நடவுங்கள். வீடியோ வேண்டவே வேண்டாம். அந்தத் தம்பி எடுத்ததை மகள் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நல்லவேளை, அவன் தானாகவே அழித்துவிட்டான்.

வீட்டில் இப்படி ஒருவர் இருப்பவர்கள் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அந்த மகளும் அயலுக்குச் சொல்லாமல்தான் இருந்திருக்கிறார். இப்போது அப்பாவின் சட்டைப்பைக்குள் போன் நம்பரைத் துணியில் எழுதித் தைத்திருக்கிறார். அண்மையில் எடுத்த படம் ஒன்று கையில் இருக்கட்டும். ஆளைக் காணவில்லை என்றால் ஒரு நாள் பார்ப்போம் என்று இருக்காமல் உடனேயே பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். விருப்பமுள்ள வீட்டார் உங்கள் நம்பரை அதில் எழுதிவிட்டுப் போங்கள். நாளைக் காலை சந்தி ஓட்டோத் தம்பிமாரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர்களோடு பேசிவிட்டேன், சரி என்றிருக்கிறார்கள்.