மழைநீர் எந்த அடுக்கில் நிற்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். கடல்நீர் உள்ளே வராதபடி கழிமுகத்தின் குறுக்கே கட்டப்பட்ட சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டு 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஆனால் அதன் உட்புறம் தேங்கிய நீர் நன்னீராகி, நாட்டின் பதினைந்தாவது நீர்த்தேக்கமாகப் பயன்பாட்டுக்கு வந்தது 2010 நவம்பரில்தான். ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் தீவில், நிலப்பரப்பின் ஆறில் ஒரு பங்கிலிருந்து மழைநீர் வந்து சேரும் கழிமுகம் உப்பைத் தொலைக்க ஏன் இரண்டு ஆண்டுகள் பிடித்தன?

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கண்ணாடித் தம்ளரில் பாதியளவு உப்புநீர் ஊற்றி, சிறிது பீட்ரூட் சாறு கலந்துகொள்ளுங்கள். அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றினால், உப்புநீர் கனமானது என்பதால் சிவப்பு கீழேயே தங்கிவிடும். மரினாவின் ஒன்பது மதகுகளும் கடல் வற்றியிருக்கும் வேளையில் சாய்ந்து, மேல்மட்ட நீரைத்தான் வழியவிடுகின்றன. அதாவது, அன்று பெய்த மழையே முதலில் கடலுக்குப் போய்விடும். அடியிலுள்ள உப்பு, இரு அடுக்குகளும் உரசும் இடத்தில் சிறிது சிறிதாகக் கலந்து மேலே வந்தால்தான் வெளியேற முடியும்.

உப்பு நீங்கியபின் அடுக்கும் நீங்கிவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு ஏற்படுத்தும் அடர்த்தி வேறுபாட்டை, 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில், ஏறக்குறைய இரண்டரை டிகிரி வெப்ப வேறுபாடே உண்டாக்கிவிடும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களில், காற்று ஓய்ந்த பிற்பகல்களில், மேல்நீர் இந்த அளவுக்குச் சூடேறுவது அரிதன்று. அப்போது அடிநீருக்கு ஆக்ஸிஜன் போய்ச் சேராது. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜனையே தாங்கும். வண்டலில் மட்கும் இலைதழை அதையும் விரைவில் தின்றுவிட, இரும்பும் மாங்கனீசும் பாஸ்பரசும் சேற்றிலிருந்து நீரில் கரையத் தொடங்குகின்றன. பாசி பெருகுவதற்கான உரம் இப்படி அடியிலேயே தயாராகிறது.

வடகிழக்குப் பருவக்காற்றின் டிசம்பர், ஜனவரி மழையில் நிலைமை வேறு. எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது இந்தக் கட்டம்தான். உப்பு இருந்த காலத்தில் மேலே மிதந்த மழைநீர், இப்போது தேங்கிய நீரைவிடக் குளிர்ந்தும் மண் கலந்து கனத்தும் வருவதால், வெதுவெதுப்பான மேலடுக்கின் அடியில் நுழைந்து ஓடக்கூடும். மேற்பரப்பில் முகந்த ஒரு வாளி நீர் அன்று தெளிவாகவே இருக்கும். கலங்கல் இரண்டு மூன்று மீட்டர் கீழே போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே மின்கடத்துதிறன் (இது நீரிலுள்ள உப்பின் அளவைக் காட்டும்), வெப்பம், ஆக்ஸிஜன் ஆகியவற்றை அளக்கும் கருவியை மீட்டர் மீட்டராக இறக்கிப் பார்க்கிறார்கள். அளக்கும் நேரமும் முக்கியம். விடியலுக்கு முன் சுமத்ரா சூறைக்காற்று வீசிப்போன நாளில், முந்தைய மாலை தெளிவாகப் பிரிந்திருந்த அடுக்குகள் கலைந்து, ஆக்ஸிஜனற்ற அடிநீர் மேலேறியிருக்கும்; மேற்பரப்பில் மீன்கள் வாய் பிளந்து தவிப்பது அப்படிப்பட்ட காலைகளில்தான்.