உச்சிக்குழி கேட்பது எண்ணெய் அல்ல

நடுவர் அவர்களே, குளச்சல் மக்களே, வணக்கம். கைக்குழந்தையின் நலத்துக்குத் துணை நிற்பது வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவமா, மருத்துவரின் அறிவுரையா என்பது கேள்வி. நான் மருத்துவர் பக்கம்.

எனக்கு முன் பேசிய அக்கா, உச்சிக்குழி, அதாவது பிள்ளையின் உச்சந்தலையில் எலும்பு இன்னும் மூடாத மெத்தென்ற இடம், தாழ்ந்தால் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் வைத்தால் போதும், மேலே வந்துவிடும் என்றார். அந்த எண்ணெயை நானும் வைத்தேன் அக்கா.

என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஆனி மழை. இரவெல்லாம் வயிற்றோட்டம். விடிந்ததும் தலையைத் தடவிய என் மாமி, "மக்களே, உச்சி விழுந்து கிடக்கே" என்றார். விரல் வைத்துப் பார்த்தேன். முந்தின நாள்வரை மெத்தென்று துடித்த இடம் கிண்ணம்போல் உள்வாங்கியிருந்தது. மத்தியானம்வரை எண்ணெய் வைத்துக்கொண்டே இருந்தோம். பிள்ளை அழுதான், கண்ணீர் வரவில்லை. காலையில் கட்டிய துணி நனையவே இல்லை.

அப்புறம்தான் ஓடினோம். டாக்டர் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் வற்றியதால் உச்சி தாழ்ந்திருக்கிறது என்றார். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடி பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறவைத்த நீரில் கலக்கி, கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னார். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, 14 நாள் ஜிங்க் மருந்து. சாயங்காலம் துணி நனைந்தது. அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்து அழுதேன்.

நடுவர் அவர்களே, முதலில் கண்டுபிடித்தது மாமிதான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் குழி தாழ்ந்தது அடையாளம்தான், நோய் வேறு இடத்தில் இருந்தது. நாங்கள் அடையாளத்துக்கு வைத்தியம் பார்த்து அரை நாளைத் தொலைத்தோம்.

பிரசவத்தில் மண்டை எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழிவிடவும், பிறகு மூளை வளரவும்தான் அந்த இடைவெளி. பின்பக்கக் குழி இரண்டு மூன்று மாதத்தில் மூடிவிடும். முன்பக்கத்தது பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள். அதை மூட எண்ணெய் தேவையில்லை.

சரி, குழி தாழாமல் புடைத்தால்? அழும்போது கொஞ்சம் எழும்பும், அது இயல்பு. அமைதியாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புடைத்து, காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்தால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். அக்கா, அதற்கு எந்த எண்ணெய்?

உருக்கெண்ணெய் பிள்ளையை மேலுக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட இருக்கட்டும். உச்சி தாழ்ந்த அன்று மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். போகிற வழியிலும் பால் கொடுத்துக்கொண்டே போங்கள்.