ஓசூர் மாடியில் கேல் கீரை: விதை போட்டதிலிருந்து களிக்குத் தொட்டுக்கொண்டது வரை

வணக்கம் மக்களே. ஓசூரில் நம்ம வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் கேட்கும் சத்தத்தைக் கண்டுகொள்ளாதீர்கள், தெருவில் பைப் போடத் தோண்டுகிறார்கள்.

கேல் இங்கே வருமா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எந்த இனமோ, பெரும்பாலான கேல் ரகங்களும் அதே இனம்தான். உருண்டை கட்டாமல் இலை இலையாக மேலே போகும், அவ்வளவுதான். கோஸ் நாற்று விடுகிற பக்குவம் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டம்தான் முக்கியம். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஐப்பசியில் விதைத்தால் இலை விடும் சமயத்தில் மார்கழி, தை குளிர் சரியாக வந்துவிடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுன்காரர்கள் கார்த்திகை வரை பொறுங்கள், உங்கள் ஊர் கொஞ்சம் சூடு. பங்குனி வெயிலில் இலை தடித்துக் கசந்துபோகும்.

விதை அச்சு அசல் கடுகுதான், பாருங்கள். குழித்தட்டில் பாதி கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், பாதி மண்புழு உரம். குழிக்கு இரண்டு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். தண்ணீரைக் காலையில் மட்டும் தெளியுங்கள். ஈரம் தேங்கினால் தண்டு மண்ணை ஒட்டின இடத்தில் நூலாக மெலிந்து நாற்று சாய்ந்துவிடும். நாற்றழுகல் என்பது இதுதான். நாலைந்து இலை வந்ததும் 12 அங்குலப் பைக்கு ஒன்றாக மாற்றி நடலாம்.

அப்புறம்தான் நிஜமான வேலை, புழு. இந்த இலையைத் திருப்புகிறேன், கேமராவைக் கிட்டே கொண்டு வருகிறேன். நரம்போரம் பச்சையாக ஒன்று ஒட்டியிருக்கிறதா? விரலால் தொட்டதும் பின்பக்கமாகத் துள்ளி நூல் விட்டுத் தொங்குகிறது பாருங்கள். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாளாக விட்டுவைக்கும். கோஸ் தோட்டத்தில் நடுவே கடுகு வரிசை போடுவது இதற்காகத்தான், அந்துப்பூச்சி கடுகைத் தேடிப் போய் முட்டையிடும். நானும் ஓரத்தில் ரெண்டு பையில் கடுகு தூவியிருக்கிறேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூடக் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, சாயந்திரம் இலையின் அடியில் படும்படி அடியுங்கள். மேலே மட்டும் அடித்தால் எண்ணெய் தண்டம். நட்ட அன்றைக்கே கொசுவலை போர்த்திவிட்டால் பாதி தொல்லை இல்லை.

விதைத்து ரெண்டு மாதத்தில் பறிக்கலாம். அடி இலைகளிலிருந்து ஒடியுங்கள், குருத்தைத் தொடாதீர்கள், மாசி வரை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதைப் பச்சையாக அரைத்துக் குடிப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நடுநரம்பை உருவிவிட்டுப் பொடியாக நறுக்கி, துவரம்பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்தால் ராகிக் களிக்கு அப்படி இருக்கும். சிறுகீரையைவிடக் கூடுதல் நேரம் வேகவேண்டும். இதில் வைட்டமின் கே அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

விதை எடுக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். பூக்க வாரக்கணக்கில் கடுங்குளிர் வேண்டும், நம்ம பக்கம் அது கஷ்டம். பாக்கெட் வாங்குங்கள், தேதியைப் பார்த்து வாங்குங்கள். மிச்ச விதையை ஈரம் படாமல் மூடி வைத்தால் அடுத்த ஐப்பசிக்கும் ஆகும்.