"பழைய பாட்டுத்தான் பாட்டு" எண்டு சொல்ல வைக்கிறது கோயில் குழாயோ?

[திரையில்: வேப்பமரக் கொப்பில கட்டின லவுட்ஸ்பீக்கர் குழாய். பாட்டுச் சத்தம்.]

வணக்கம் உறவுகளே! மாங்குளம் சந்தியில நிண்டாலும் சரி, பரந்தன் சந்தியில நிண்டாலும் சரி, ஒரு வாக்குவாதம் கட்டாயம் காதில விழும். "இப்பத்தைப் பாட்டில என்ன கிடக்கு, வெறும் இரைச்சல். அந்தக் காலப் பாட்டில ஒவ்வொரு சொல்லும் முத்து முத்தாய் விளங்கும்" எண்டு ஐயாமார் சொல்லுவினம். "உங்களுக்குப் புது இசை பிடிபடேல்ல ஐயா" எண்டு பெடியள் சொல்லுவாங்கள்.

இந்த வாக்குவாதத்தில பாதிக்குக் காரணம் பாட்டுமில்லை, பாடினவருமில்லை, இசையமைப்பாளருமில்லை. மரத்தில தொங்குற அந்தக் குழாய்தான். எப்பிடி எண்டு கடைசிவரைக்கும் பாருங்கோ. வீடியோ முடியேக்கை நீங்கள் ஒரு பாட்டைக் கேக்கிற விதமே மாறும்.

[திரையில்: 20 ஹெர்ட்ஸ் தொடக்கம் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு கோடு]

அடிப்படையை ஓடி முடிப்பம். ஹெர்ட்ஸ் எண்டது ஒரு செக்கனுக்கு எத்தினை அதிர்வு எண்ட கணக்கு. மனிசக் காதுக்கு 20 ஹெர்ட்ஸில இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். இலக்கம் குறைஞ்சால் அது 'பேஸ்' எண்ட கனத்த அடிச்சத்தம், கூடினால் கிறீச்செண்ட சத்தம். அவ்வளவுதான்.

இப்ப குழாய்க்கு வருவம். கோயிலிலயும் கலியாண வீட்டிலயும் கட்டுற குழாய் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்கும் 6,000 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்டதைத்தான் வெளியில விடும். அதுக்குக் கீழயும் மேலயும் உள்ளதை அரிதட்டு மாதிரி மறிச்சுப்போடும். குழாயின்ர வாயும் நீளமும் சிறிசு, அதால பெரிய அலைநீளம் உள்ள பேஸ் சத்தத்தைக் காத்தில ஏத்த ஏலாது. மல்லுக்கட்டிப் பேஸைக் கூட்டினால் பின்னுக்கு இருக்கிற, சத்தத்தை உண்டாக்கிற யூனிட்டுக்குள்ள டயபிரம் எண்ட மெல்லிய தகடு அளவுக்கு மிஞ்சி ஆடிக் கிழியும். அனுபவமுள்ள சவுண்ட்ஸ்காரர் பேஸ் திருகைப் பூச்சியத்தில விடுறது அதுக்காகத்தான். ஆரும் போய் "அண்ணை, பேஸைக் கூட்டுங்கோ" எண்டு கரைச்சல் குடுக்காதேங்கோ. அவர் செய்யிறதுதான் சரி.

இனி வாறதுதான் எனக்கு மிச்சம் பிடிச்ச பகுதி. கொஞ்சம் ஆறுதலாய்ச் சொல்லுறன்.

ஒரு ஆண் பாடகர் 130 ஹெர்ட்ஸில ஒரு சுரத்தைப் பிடிக்கிறார் எண்டு வையுங்கோ. குழாய் 300க்குக் கீழ ஒண்டையும் விடாது. அப்ப அந்தச் சுரம் கேக்கவே கூடாதெல்லோ? ஆனா கேக்குது, அதே சுருதியில கேக்குது. ஏனெண்டால் மனிசக் குரல் ஒரு தனி அலையில்லை. 130 பாடினால் கூடவே 260, 390, 520, 650 எண்டு அதின்ர மடங்குகளும் வரும். குழாய் முதல் இரண்டையும் விழுங்கிப்போடும். 390, 520, 650 வெளியில வரும். உங்கட மூளை அதுகளுக்கு இடையில உள்ள தூரத்தைப் பாக்குது. எல்லாம் 130 தள்ளி நிக்குது. அப்ப அடியில இருக்கிறது 130தான் எண்டு, காத்தில இல்லாத சுருதியை மூளை தானே உண்டாக்கிக் கேக்குது!

[திரையில்: 130ம் 260ம் அழிஞ்சு, மற்றக் கோடுகள் மட்டும் நிக்கும். சத்தம் மாறாமல் கேக்கும்.]

என்ன அதிசயம் பாருங்கோ. ஒரு திருவிழாக் கூட்டம் முழுக்க, காத்தில இல்லாத ஒரு சுரத்தை ஒண்டாய்க் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு நிக்குது.

இதை இப்ப பழசு புதுசு வாக்குவாதத்துக்குள்ள கொண்டு வாங்கோ. அந்தக் காலப் பாட்டில பேஸ் வாசிச்சது மரத்தில செய்த பெரிய டபிள் பேஸ், இல்லாட்டிக் கிற்றார். கம்பி அதிரேக்கை மடங்குகள் நிறைய வரும். குழாய் அடியை வெட்டினாலும் மிச்சத்தை வைச்சு மூளை பேஸைக் கட்டி எழுப்பும். இப்பத்தைப் பாட்டுகள் கனக்கத்தில பேஸ் எண்டது கொம்பியூட்டரில செய்த, 50 ஹெர்ட்ஸுக்குக் கிட்டவான வழுவழுப்பான அலை. அதில மடங்குகளே இல்லை எண்டு சொல்லலாம். குழாய் 50ஐ வெட்டினால் மூளைக்குப் பிடிச்சு ஏற ஒரு கொப்புமில்லை. பாட்டின்ர அத்திவாரமே காணாமல் போய், மேல தட்டுற சின்னச் சின்னச் சத்தங்கள் மட்டும் மிஞ்சும். ஐயா "இரைச்சல்" எண்டு சொன்னது இதைத்தான். அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

பழைய பாட்டுகள் உண்டான விதமும் இதுக்கு உதவினது. அந்தப் பாட்டுகள் எங்கட வீடுகளுக்கு வந்தது றேடியோவால. இலங்கை வானொலியின்ர வர்த்தக சேவை 1950இல தொடங்கினது, மத்திய அலையிலயும் (மீடியம் வேவ்) வந்தது. மத்திய அலையில ஒரு நிலையத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில 9, 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடம். அதால 4,500, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ள சத்தம் பெரும்பாலும் போயிடும். பாடகரை மைக்குக்குக் கிட்ட விட்டு, வாத்தியங்களைப் பின்னுக்கு இருத்தி ஒலிப்பதிவு செய்ததால அந்த இறுக்கமான இடத்துக்குள்ளயும் குரல் முன்னுக்கு நிண்டது. 78 சுற்று இசைத்தட்டில 10 அங்குலத்தட்டின்ர ஒரு பக்கத்துக்கு மூண்டு நிமிசமும் கொஞ்சமும்தான் கொள்ளும். அதால சுத்தி வளைக்காமல் பல்லவிக்கு வந்திடுவினம்.

எங்கட ஆக்கள் அதையும் லேசில கேட்கேல்ல. 1990களில யுத்தக் காலப் பொருளாதாரத் தடையால பற்றரி வராத காலத்தில, சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைக் கையால சுத்தி, 6 வோல்ற் டைனமோவில றேடியோ கேட்ட மண் இது. டைனமோ குடுக்கிறது மாறுதிசை மின்னோட்டம். டயோட் போட்டு நேராக்காட்டி றேடியோ வேலை செய்யாது, கப்பாசிற்றர் வைக்காட்டி பாட்டுக்குள்ள ஒரு ஹம்மிங் கிடக்கும். சுத்திறவர் களைச்சால் றேடியோவில சத்தம்தான் குறையும். ரேப் ரெக்கோடர் எண்டால் மோட்டரின்ர வேகம் விழுந்து சுருதியே இறங்கும். அப்பிடிக் கேட்டவையின்ர கருத்தை "பழசுகள் அப்பிடித்தான்" எண்டு தள்ளி வைக்காதேங்கோ. ஒரு பாட்டில எது கடைசிவரைக்கும் மிஞ்சும் எண்டு அவைக்குத் தெரியும்.

[திரையில்: நந்திக்கடல், காலை. தூரத்தில கோயில்.]

அடுத்தது தூரம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நந்திக்கடலுக்கு அங்கால கரையில இருந்து கேட்டிருப்பியள். விடிய நாலு மணிக்குப் பக்கத்தில நிக்கிற மாதிரிப் பாட்டு வரும், பத்து மணிக்கு அதே குழாய் கேக்காது. இரவில நிலத்தோட ஒட்டின காத்துக் குளிர்ந்து, மேல உள்ளது சூடாய் இருக்கும். அப்ப மேல போற சத்தம் வளைஞ்சு திரும்பக் கீழ வரும். பகலில மறுவளமாய் மேல வளைஞ்சு போயிடும். தண்ணிக்கும் வயலுக்கும் மேல மறிக்க ஒண்டுமில்லை எண்டதால இரணைமடுப் பக்கமும் இதே கதைதான்.

ஆனா வாற வழியில காத்து ஒரு பங்கைத் திண்டுபோடும். ஒரு கிலோமீற்றருக்கு 1,000 ஹெர்ட்ஸ் சத்தத்தில 5 தொடக்கம் 7 டெசிபல்தான் (டெசிபல் சத்தத்தை அளக்கிற அலகு) போகும். 4,000 ஹெர்ட்ஸில 20க்கு மேல போகும். ச, த, க, ப எண்ட எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுற கூர்மை பெரும்பாலும் அந்த மேல் பக்கத்திலதான் கிடக்கு. அதால தூரத்துக்கு மெட்டு வரும், சொல் வராது. அங்கால கரையில இருக்கிறவை "என்ன மெட்டப்பா!" எண்ணுவினம், கோயில் வாசலில நிண்டவை "என்ன வரியப்பா!" எண்ணுவினம். நாதஸ்வரம் எண்டால் இரண்டு இடத்திலயும் வெல்லும். மடங்குகள் அள்ளிக் கொட்டுற வாத்தியம், சொல்லும் இல்லை. குழாய்க்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் இல்லை எண்டது என்ர உறுதியான எண்ணம்.

வீதி நீளத்துக்குக் குழாய் கட்டினால் வேற பிரச்சினை. 30 பாகை வெக்கையில சத்தம் செக்கனுக்கு 349 மீற்றர் ஓடும். அடுத்த குழாய் 175 மீற்றர் தள்ளி இருந்தால் அதின்ர சத்தம் அரைச் செக்கன் பிந்தி வரும். நிமிசத்துக்கு 120 தட்டுப் போற பாட்டெண்டால் பிந்தினது சரியா அடுத்த தட்டிலயே விழும், தாளம் தப்பிப் பிழைக்கும், வரிகள் மட்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறும். 100 தட்டுப் பாட்டெண்டால் தாளமும் குழம்பும். நிறுத்தி நிறுத்திப் பாடுற பழைய பக்திப்பாட்டு இதில தாக்குப் பிடிக்கும், கடகடவெண்டு சொல் விழுற புதுப்பாட்டு கஞ்சியாகும். குழாய்கள் எல்லாத்தையும் ஒரே இடத்தில உயரமாய்க் கட்டி நாலு பக்கமும் திருப்பி விட்டால் இந்தக் கரைச்சல் பெரும்பாலும் போயிடும்.

பஸ் எண்டால் எல்லாம் தலைகீழ். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் நிமிசத்துக்கு 1,500 சுத்தேக்கை 75 ஹெர்ட்ஸில உறுமும், பாட்டின்ர பேஸ் இருக்கிற அதே இடம். அதை மேவக் கொண்டக்டர் தம்பி பேஸைக் கூட்டுவார், குரல் அமுங்கிப்போகும். ஏ9 வீதியில பஸ்ஸில மட்டும் கேட்ட பாட்டுக்கு "வரி சரியில்லை" எண்டு தீர்ப்புச் சொல்லாதேங்கோ.

இப்ப செய்துபாக்கிற வேலை. ஒரு பாட்டைப் பற்றிக் கருத்துச் சொல்ல முதல், முதலாவதாய்ப் போனின்ர சின்ன ஸ்பீக்கரில போட்டு மூண்டு மீற்றர் தள்ளி நிண்டு கேளுங்கோ. மெட்டும் வரியும் தனிய நிக்குமோ எண்டு அதில தெரியும். பிறகு இரண்டு காதிலயும் ஹெட்போன். பேஸும், இடம் வலமாய்ப் பிரிச்சு வைச்ச வாத்தியங்களும் அப்பத்தான் வரும். பாடகரின்ர குரல் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கேட்டால் பாட்டைக் குறை சொல்லாதேங்கோ, ஹெட்போன் பின்னை நல்லா அமத்திச் செருகுங்கோ. இரண்டு காதுக்கும் பொதுவான நிலக் கம்பி தொடாட்டி நடுவில உள்ள குரல் வெட்டுப்பட்டு, ஓரத்து வாத்தியம் மட்டும் மிஞ்சும்.

சவுண்ட்ஸ் தம்பிமாருக்கும் ஒண்டு. போனில இருந்து வாற இரண்டு பின்னில ஒண்டை மட்டும் அம்பிளிபயரில செருகினால் மற்றப் பக்கத்து வாத்தியம் முழுக்கப் போயிடும். இரண்டு வயரையும் சும்மா முறுக்கிக் கட்டவும் வேண்டாம். ஒவ்வொண்டிலயும் 1 கிலோஓம் றெசிஸ்ரர் போட்டுச் சேருங்கோ. இல்லாட்டிப் போனில இரண்டு பக்கத்தையும் ஒண்டாக்கிற 'மோனோ ஓடியோ' அமைப்பைப் போட்டிட்டு ஒரு பின்னைச் செருகுங்கோ.

படத்துக்கும் இதே மாதிரி ஒரு குறை இருக்கு. "கதைக்கிறது கேக்கேல்ல, சண்டை வந்தால் காது வெடிக்குது" எண்ட முறைப்பாடு. தியேட்டருக்குச் செய்த 5.1 ஒலியில (ஆறு தடமாய்ப் பிரிச்ச ஒலி) வசனத்துக்கெண்டு நடுவில தனி ஸ்பீக்கர் இருக்கு. வீட்டு ரீவியில அது இரண்டு பக்கத்துக்கும் கலக்குப்பட்டு அமுங்கும். ரீவியின்ர ஒலி அமைப்பில 'நைற் மோட்' இருந்தால் போடுங்கோ, சத்தத்துக்கும் மௌனத்துக்கும் இடையில உள்ள இடைவெளி குறையும்.

கீழ கொமண்டில உங்கட கருத்தைக் கட்டாயம் எழுதுங்கோ. பாட்டின்ர பேரோட, எதில கேட்டனீங்கள், எத்தினையாவது நிமிசத்தில எது பிடிச்சது, எது பிடிக்கேல்ல எண்டதையும் சேருங்கோ. ஐயா அம்மாவை இருத்தி வைச்சு, அவைக்குப் பிடிக்காத ஒரு புதுப்பாட்டை ஹெட்போனில போட்டுக் காட்டினால் அவை என்ன சொல்லுகினம் எண்டதையும் எழுதுங்கோ. அதைத்தான் நான் முதல் வாசிப்பன்.